கோழிக்கு எடுத்த கதிர்

ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்குப் பெயர் பைக்காரி. மக்காச்சோளக் கதிர் பட்டுநூல் விடும் முன்னே காகிதப் பையால் மூடிவிட வேண்டும். காற்றில் வரும் கண்ட பூந்தூளும் அதில் விழக்கூடாது. ஆபீசர் சொன்ன செடியின் பூந்தூளை, அவர் சொன்ன கதிரில் மட்டும் உதறி, மறுபடி மூடவேண்டும். ஒன்பது வருசமாக இதே வேலை. இலை அறுத்து அறுத்து அவள் கை முழுக்கக் கோடுதான்.

அந்தத் தாய்ச்செடிகளைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். இடுப்புயரம்கூட வராது, கதிரில் பாதி பொக்கை. "இந்த நோஞ்சானுக்கும் அந்த நோஞ்சானுக்கும் கல்யாணம் பண்ணிவச்சா பயில்வான் பொறக்கிறான், பாருங்கடி" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். பொய்யில்லை. அந்த விதை அடுத்த பட்டத்தில் ஆளை மறைக்க எழும்பும். கதிரைப் பிடிக்க ஒரு கை பத்தாது. எடைபோட்டு எழுதிக்கொண்டபின் கதிரை வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம்.

வீட்டிலோ, அரை ஏக்கரைச் செங்கல் சூளைக்காரனுக்கு விட்டே தீருவேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அப்பா கல் பொறுக்கித் திருத்திய மண். புருசன் போனபின் அவள் வந்து ஒண்டியதும் அந்த வயலோரத்து வீட்டில்தான்.

"மண்ணை நோண்டி எடுத்தா அப்புறம் பள்ளம்தான்டா மிஞ்சும்."

"விளையாத மண்ணை வச்சு நாக்கு வழிக்கவாக்கா?"

"ஒரு பட்டம் எங்கிட்ட விடு. விதை நான் கொண்டு வர்றேன். விளையலைன்னா நான் வாயே திறக்கல."

அறுவடையன்று உயர்ந்த செடியாகப் பார்த்து முப்பது கதிர் பொறுக்கினாள். ஆபீசர் நின்று பார்த்தார்.

"என்னம்மா, மாப்பிள்ளை பாக்கற மாதிரி புரட்டிப் புரட்டிப் பாக்கற? கோழிக்கா?"

அவள் கதிர்களை அவசரமாகச் சாக்கில் தள்ளினாள். விதைக்கு என்றால் பிடுங்கிக்கொள்வாரோ?

"ஆமா சார், கோழிக்குத்தான்."

விதைத்தார்கள். ஒரு செடி ஆளுயரம் நின்றது, பக்கத்துச் செடி முழங்காலோடு நின்றுவிட்டது. ஒன்று முந்திப் பூத்தது, ஒன்று பூக்கவே இல்லை. அடித்துக் குவித்தால், பண்ணையில் அவள் கண்ணால் கண்ட விளைச்சலில் பாதி தேறவில்லை.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ஒன்பது வருசம் பை மாட்டினியே, என்னத்தைக்கா கத்துக்கிட்டே?" என்றான். அவள் சொன்ன சொல்படி வாயே திறக்கவில்லை. அந்த வாரமே சூளைக்காரனின் வண்டி வயலில் இறங்கியது.

பண்ணைக்குப் போய் ஆபீசரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒட்டு விதையோட வீரியம் ஒரு தலைமுறைக்குத்தாம்மா. அதுல விளைஞ்சதை விதைச்சா ஒன்னொன்னும் ஒரு தினுசாப் போயிடும். அதனாலதானே வருசா வருசம் புதுசா ஒட்டுக்கட்டறோம்?"

"யாரும் சொல்லலையே சார்."

"விதைக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கோழிக்குன்னுல்ல சொன்னே?"

ஒன்பது வருசம் கல்யாணம் நடத்திவைத்தவளுக்குப் பேரப்பிள்ளைகளின் கதையை ஒருத்தரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போதும் பை மாட்டத்தான் போகிறாள். வீட்டு வாசலில் ஆளுயரப் பள்ளம், மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அடுத்த அறுவடையில் பண்ணைக்குப் புதிதாக வந்த மேஸ்திரி, குவியலைக் காட்டி, "கோழிக்கு நாலு எடுத்துக்கோம்மா" என்றார்.

"எங்க வீட்ல கோழி கிடையாதுய்யா" என்றாள். "எப்பவும் இருந்ததில்ல."