அனுஜா சொன்ன ஆமென்

அனுஜா பினாங்குக்கு வந்து எட்டு மாதமாகியிருந்தது. வயது இருபத்து நாலு. யாழ்ப்பாணத்தில் இருந்த அவளுடைய சபை இரண்டு வருட ஊழியத்துக்கு அவளை அனுப்பியிருந்தது. ஜார்ஜ் டவுனில் மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த தமிழ்ச் சபையில் பாஸ்டர் தேவகுமாருக்கு ஒத்தாசை. வாரத்தில் நாலு நாள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை விடுதிகளுக்குப் போய், ஷிப்ட் முடிந்து வரும் தொழிற்சாலைப் பெண்களோடு பாடுவாள், ஜெபிப்பாள். பாதி நேரம் மாமியார்களைப் பற்றிய புலம்பலைக் கேட்பாள். அவளுடைய வேலையில் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

வீட்டு ஏக்கம்தான் ஆளைத் தின்றது. அம்மா கிறிஸ்தவர், அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா சைவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், வெள்ளிக்கிழமை கோயில் என்று இருபத்தாறு வருடமாகச் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தியவர்கள். மகள் ஊழியத்துக்குப் புறப்பட்டபோது அப்பா தடுக்கவில்லை. விமான நிலையத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அழுகை வந்தா முதல்ல எனக்குச் சொல்லோணும், பிள்ளை."

தலையாட்டிவிட்டு வந்தவள், ஞாயிறுதோறும் போனில் "நான் சந்தோசமா இருக்கிறன் அப்பா" என்று கூசாமல் புளுகினாள்.

தைப்பூசத்தன்று வசமாக மாட்டிக்கொண்டாள். தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரு முழுக்கக் கூட்டம். தவிலும் நாதஸ்வரமும் காதில் விழுந்ததும் அவளுக்கு ஆறு வயதாகிவிட்டது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து நல்லூர்த் தேர் பார்க்கிறாள். அவர் கழுத்து வேர்வையில் சந்தனம் கரைந்து மணக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் யாரோ மோர் நீட்டினார்கள். வாங்கிக் குடித்தாள். குடித்துக்கொண்டே, நடுத்தெருவில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

மறுநாள் அதை லோகேஸ்வரி அக்காவிடம் சொன்னாள். லோகேஸ்வரி பாஸ்டரின் மனைவி. அனுஜாவுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் பக்கத்தை விட்டு அசையாமல் கஞ்சி ஊட்டியவள். இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே ஆள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்லா? நீ என் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி."

லோகேஸ்வரி புறம் பேசுகிறவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபையில் புறம் பேசுவது பாவம். ஆனால் அதே சங்கதியை மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிச் சொன்னால் அது ஜெப விண்ணப்பம். பாவமெல்லாம் பறந்துவிடும்.

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் லோகேஸ்வரி மைக்கைப் பிடித்தாள். எதிரே முக்காலியில் நின்ற கைப்பேசி வழக்கம்போல் எல்லாவற்றையும் நேரலையில் விட்டுக்கொண்டிருந்தது.

"நம்ம அனுஜா சிஸ்டர் தைப்பூசத்துல நின்னு அழுதிருக்காங்க. மோர்கூட வாங்கிக் குடிச்சிட்டாங்க. அப்பா வழியில வந்த ஏதோ ஒரு பேய் இன்னும் அவங்கள விடல. அதை விரட்ட எல்லாரும் ஜெபிப்போம்."

அறுபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். எட்டின கைகளெல்லாம் அவள் தலையில் இருந்தன. அவளுக்கு உடம்பு கூசியது. பாஸ்டர் ஜெபத்தை முடித்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்க தோஷம், அவள் வாயும் ஆமென் என்றது.

"சொல்ல மாட்டன் எண்டனீங்களே அக்கா?" படியிறங்கும்போது கேட்டாள்.

"கர்த்தர்கிட்டதானேம்மா சொன்னேன்" என்றாள் லோகேஸ்வரி, துளிகூடக் குற்ற உணர்வில்லாமல். அந்த நிதானத்தைத்தான் அனுஜாவால் மன்னிக்க முடியவில்லை. கஞ்சி ஊட்டிய கையாலேயே கழுத்தை அறுத்துவிட்டாளே என்று அறைக்கு வந்து குமுறினாள்.

மறுநாள் காலையில் அப்பா அழைத்தார். அவர் சனிக்கிழமை அழைக்கும் வழக்கமே இல்லை. ஊர்ச் சபையில் யாரோ அந்த நேரலையை அம்மாவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நீ அழுதது ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியோணுமோ?"

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அது போகட்டும், பிள்ளை. உன்னை நான் தோளில வைச்சுத் தேர் காட்டினதைப் பேய் எண்டு சொல்லிச் செபம் பண்ணினவை. அதுக்கு நீயும் ஆமென் சொன்னனியோ? வீடியோவில உன்ர வாய் அசைஞ்சது."

"ஓம் அப்பா" என்றாள். அவர் கோபித்துக் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகப் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் பதினொரு முறை அழைத்தும் எடுக்கவில்லை.

தன் கழுத்தை லோகேஸ்வரி அறுத்தாள் என்று இரவெல்லாம் பொருமியவளுக்கு, அப்பாவைத் தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். விடுதலை கிடைத்துவிட்டது என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். லோகேஸ்வரி முன்வரிசையில் கண்கலங்கி, பெற்ற தாய் மாதிரிப் பூரித்து உட்கார்ந்திருந்தாள்.

அனுஜா மைக்கை வாங்கினாள். சபையைப் பார்க்கவில்லை, முக்காலியில் இருந்த கைப்பேசியைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை எனக்காகச் செபிச்சீங்கள். அதுக்கு நான் சொன்ன ஆமெனைத் திருப்பி எடுக்கிறன். என்னில பேய் ஒண்டும் இல்லை. நான் என்ர அப்பாவை நினைச்சு அழுதனான்."

லோகேஸ்வரி பாய்ந்து எழுந்து முக்காலிப் பக்கம் நடந்தாள். அனுஜா அவசரப்படவில்லை.

"அப்பா, அழுகை வருது. முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுறன்" என்றாள்.

அதற்குள் லோகேஸ்வரியின் விரல் திரையைத் தொட்டிருந்தது. கடைசி வாக்கியம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததா என்று அனுஜாவுக்குத் தெரியவில்லை.