நோயற்ற கையில் வந்த திட்டுகள்

அக்டோபர் பதினாறு, திங்கட்கிழமை. சனிக்கிழமை இரவு பிடித்த மழை விட்டபாடில்லை. காலை ஒன்பது மணிக்கும் அச்சகத்துச் சன்னல் கண்ணாடிகள் வியர்த்துக்கொண்டிருந்தன.

செவிலியர் பயிற்சி மாணவியருக்கான தோல் நோய்க் கையேடு அன்று அச்சாக வேண்டியிருந்தது. முந்நூறு படிகள்; மூன்று மணிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். வண்ண இயந்திரம் தள்ளிய முதல் தாளில், ஒரு தேமல் இருக்க வேண்டிய முதுகுப் படத்தில் ஏழு இருந்தன. ‘நோயற்ற தோல்’ என்று தலைப்பிட்ட கையிலும் வெளிறிய திட்டுகள்.

முதலாளி தாளை விளக்கின்கீழ்ப் பிடித்துப் பார்த்தார். “தேமல் அந்த ஆளுக்கா, நம்ம மெஷினுக்கா?”

“மெஷினுக்குத்தான் சார்” என்றாள் அதை இயக்குபவள்.

“பன்னண்டு மணி வரைக்கும் பாரும்மா. அதுக்குள்ள சரியாகலேன்னா வேலையை வெளிய குடுத்துடறேன். மெஷினுக்கும் வேற ஆள்தான் பாக்கணும்.”

அவளை அங்கே எல்லாரும் ‘ஸ்கேல்’ என்றே அழைத்தார்கள். ஆறங்குல எஃகு அளவுகோல் ஒன்று எப்போதும் அவள் சட்டைப் பையில் இருக்கும். ஒன்பது ஆண்டுகள் பைண்டிங் மேசையில் தாள் மடித்தவள். மடித்துக்கொண்டே எதிரிலிருந்த இயந்திரத்தைக் கவனித்தவள். பழைய ஆள் பாதி வேலையில் கோபித்துக்கொண்டு போனபோது, மீதியை அவளே அடித்து முடித்தாள். நான்கு ஆண்டுகளாக இயந்திரம் அவள் பொறுப்பு. பள்ளிப் படிவத்தில் தாயின் தொழிலைக் கேட்கும் கட்டத்தில், ‘வண்ண அச்சு இயக்குநர்’ என்று மகள் கட்டம் போதாமல் எழுதுகிறாள்.

பைண்டிங் மேசையில் இப்போது அவளுடைய நாத்தனார் இருந்தாள். மடிக்கத் தாள் வராததால் வாய்க்கு வேலை கொடுத்தாள். “அண்ணி, உங்க பழைய நாற்காலியத் தொடச்சு வச்சிருக்கேன். ஒரு காலு மட்டும் ஆடும்.”

“நீ உக்காந்து உக்காந்துதான் அது ஆடுது” என்றாள் ஸ்கேல். சிரிப்பு வரவில்லை.

அவள் அளவுகோலை எடுத்தாள். உருளையில் பழுது என்றால், உருளை சுற்றும்தோறும் ஒரே இடைவெளியில் கறை விழும். அந்த இடைவெளியை அளந்தே எந்த உருளை என்று அவள் சொல்லிவிடுவாள். இந்தத் திட்டுகளோ எந்த அளவுக்கும் கட்டுப்படவில்லை. அடுத்து, நான்கு வண்ணங்களையும் தனித்தனித் தாளில் அடித்துப் பார்த்தாள். நான்கிலும் திட்டுகள். ஆகவே டோனர் என்னும் வண்ணப் பொடியைக் குறை சொல்வதற்கில்லை. நான்கு பொடிகளையும் தாளுக்குச் சுமந்து செல்லும் பெல்ட்டை இழை விடாத துணியால் துடைத்தாள். பயனில்லை. மணி பதினொன்றைத் தாண்டியது.

கெட்ட தாள்களைச் சிப்பம் கட்ட எடுத்துப்போன நாத்தனார் திரும்பி வந்தாள். “என்ன அண்ணி, இதுங்களுக்கு என் மேல என்ன கோபம்? மேசையில வச்சா முகத்தத் திருப்பிக்குதுங்க. ஓரமெல்லாம் பாவாடைக் கொசுவம் மாதிரி நிக்குது.”

ஸ்கேல் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தின் தட்டை இழுத்து, இன்னும் அச்சேறாத தாளின் ஓரத்தை விரலால் தடவினாள். அங்கும் அலை.

பிரித்து வைத்திருந்த அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். திங்களன்று நேரம் மிச்சமாகட்டும் என்று, சனிக்கிழமை மாலையே பன்னிரண்டு கட்டுகளின் உறையையும் கிழித்து, தாள்களை விசிறி அடுக்கிவைத்தவள் அவள்தான். வாரந்தோறும் அப்படித்தான் செய்வாள். அந்த அடுக்கைக் காட்டி, “வேலைன்னா இப்படி இருக்கணும்” என்று முதலாளி மற்றவர்களிடம் சொல்வதுண்டு. ஞாயிறு முழுதும் ஏசி ஓடவில்லை. மழைக்காற்றைத் தாள்கள் குடித்துவிட்டன. மின்னேற்றத்தால் இழுபட்டுத் தாளில் ஒட்ட வேண்டிய பொடி, ஈரத் தாளில் அங்கங்கே ஒட்டாமல் நழுவியிருக்கிறது.

உள்ளறை அலமாரியில் உறை பிரிக்காத கட்டுகள் பதினைந்து இருந்தன. ஒன்றைக் கிழித்துத் தட்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். தாள் வந்தது. முதுகில் ஒரே ஒரு தேமல். நோயற்ற கை நோயற்றிருந்தது. இன்னொன்று வந்தது, அதுவும் அப்படியே. சுவரில் சாய்ந்து, காலையிலிருந்து விடாத மூச்சையெல்லாம் சேர்த்து விட்டாள்.

“அப்ப நாற்காலிக்கு ஆள் வரலையா?” என்றாள் நாத்தனார்.

“தாள்தான் வரும். மடி.”

இரண்டரை மணிக்கு முந்நூறு படிகளும் வண்டியேறின. முதலாளி கடைசிப் படியைப் புரட்டிக்கொண்டே வந்தார். “அடுத்த வாரம் கண் நோய்ப் புத்தகம் வருதாம். அதையும் நீயே பாரும்மா. ஆமா, இதுல என்னதான் கோளாறு? பெல்ட்டா, உருளையா?”

மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. பழியை அதன்மேல் போட்டிருக்கலாம்.

“ரெண்டும் இல்ல சார். சனிக்கிழமையே நான் பேப்பரப் பிரிச்சு வச்சதுதான்.”