தலைவர் நட்ட மகிழங்கன்று

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் தெருக்கோடியில் கிடந்தது. பேர்தான் பூங்கா. உள்ளே இருந்ததென்னவோ கருவேல முள்ளும் என் ஆடு வெள்ளச்சியும்தான். வெள்ளச்சிக்கு ஒரு காது மட்டும் கறுப்பு. அவள் அழகைச் சொல்ல ஆரம்பித்தால் கதை நகராது, இருக்கட்டும்.

திடீரென்று பசுமைத் திட்டம் வந்தது. முள்ளை வெட்டினார்கள், மைக் கட்டினார்கள், தலைவர் வந்து மகிழங்கன்று நட்டார். பக்கத்திலேயே கல்வெட்டு, அதில் அவர் பேரும் மரத்தின் பேரும். தெருப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கன்று ஒப்படைத்தார்கள். தலைவருடைய கன்று என் பங்குக்கு வந்தது. தண்ணீரைவிடப் பெருமையைத்தான் அதற்கு நிறைய ஊற்றினேன்.

பத்தே நாள். வெள்ளச்சி மூங்கில் கூண்டைச் சாய்த்துவிட்டுக் கன்றை வேர்வரை தின்று முடித்தாள். மறுநாள் காலை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம்.

"அவரு வந்து ஒரு வார்த்த கேக்கட்டும், உன் ஆடு கறிக்கடைக்குத்தான்" என்றார் அப்பா. நான் சாப்பிடவில்லை. அழுதேன்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமாதான் என்னைத் தூக்கி நிறுத்தினார். "மாமா இருக்க சொல்ல உனக்கின்னா பேஜாரு?"

விடிந்ததும் எங்கள் கொல்லை முருங்கையில் உச்சியில் நாலு இலையோடு ஒரு கிளைப் போத்தை ஒடித்துக் கன்று இருந்த குழியில் நட்டார். கூண்டையும் நிமிர்த்தி வைத்தார். "வாயத் தொறந்த, ஆடு பிரியாணி."

அதிகாரி வந்தார். குனிந்தார். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் கேட்டில் கட்டியிருந்த கறுப்புக் காதையும் பார்த்தார்.

"நீதான் தண்ணி ஊத்தறியா பாப்பா?"

"ஆமா சார்."

"மகிழம் நல்லா வேகமா வளருது. ஆட்டைக் கட்டியே வை."

எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்க மண்ணு அப்படி சார்" என்றாள். பாவம், பல்வலி போல என்று நினைத்தேன். அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கன்றுக்குப் போனார்.

சாயங்காலம் அப்பா வெள்ளச்சிக்குப் புதுக் கயிறு வாங்கி வந்திருந்தார்.

போத்து பிடித்துக்கொண்டது. மறுவருஷமே காய்த்தது. பூங்காவுக்கு நடக்க வருகிறவர்கள் கையில் கீரையோடுதான் திரும்பினார்கள். கல்வெட்டில் மட்டும் இன்றைக்கும் மகிழம்தான்.

ஒரு பெரிய அதிகாரியை நானும் மாமாவும் ஏமாற்றிவிட்டோம் என்று வெகுகாலம் பூரித்துக்கிடந்தேன். முருங்கை இலை தெரியாத ஒருத்தர் நம் பக்கத்தில் பிறந்து, வளர்ந்து, சாம்பார் சாப்பிட்டு, அதிகாரியாகவும் ஆகியிருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.