கோமதியை யாரும் கேட்கவில்லை

ஸ்கேன் எடுத்தவாறே பேசிக்கொண்டிருந்த மருத்துவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். எங்கள் துயரம் அந்த மௌனத்தில்தான் தொடங்கியது. என் மருமகள் கோமதிக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஒரே இடத்தில் கருவியை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தவர், வெளியே நின்ற என் மகன் பிரபுவையும் உள்ளே அழைக்கச் சொன்னார்.

அனென்செபாலி (சிசுவின் மண்டையோட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத நிலை) என்றார். குணப்படுத்த வழியில்லை. உயிரோடு பிறந்தாலும் நெடுநேரம் தங்காது. கருவைக் கலைக்கலாம், அல்லது பிரசவம் வரை சுமக்கலாம். எதுவானாலும் தாம் உடனிருப்பதாகச் சொல்லி, "யோசிச்சுட்டு வாங்க, ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. முடிவு கோமதியோடது. கையெழுத்தும் அவங்க போட்டாப் போதும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைகள் என் காதிலும் பிரபு காதிலும் ஏறவில்லை.

கீரமங்கலத்துக்கு அருகே எங்களுக்குப் பூந்தோட்டம் உண்டு. பிரபு சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு யூடியூப் சேனல் தொடங்கினான். ஊர் திரும்பிய பின்பு தோட்டம், சமையல், வீடு என்று எல்லாம் அதில் வந்தன. கோமதி கருவுற்ற செய்தியை அந்த நேயர்கள் என்னைவிட முன்னதாக அறிந்திருந்தார்கள்.

மறுநாள் அவன் தோட்டத்தில் நின்று அழுதபடி பேசிப் பதிவேற்றினான். அதோடு ஒரு வாக்கெடுப்பும் வைத்தான்: பாப்பாவை வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?

கைப்பேசியை வாங்கிப் படித்தேன். எத்தனையோ பேர் எங்களுக்காக வேண்டிக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். கொலை பாவம் என்று சிலரும், பெற்று அதையும் வதைக்காதீர்கள் என்று சிலரும் எழுதியிருந்தார்கள். நடுவே ஒருவர், "செம ட்விஸ்ட் ப்ரோ, அடுத்த வீடியோ எப்ப?" என்று கேட்டிருந்தார்.

"என்னடா இது?" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமே ஓடலம்மா. சிங்கப்பூர்ல தனியாக் கெடந்தப்ப இவங்கதான் பேச்சுத்துணை. இவங்களக் கேக்காம வேற யாரக் கேக்குறது?"

நான் சிறுவயது முதல் பதிகம் ஓதி வருபவள். "வலியைச் சொல்லி அழ இறைவன் இருக்கையில் ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டுவதா?" என்று கடிந்தேன். அவன் தலைகுனிந்தான். எனக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று மாலையே நான் திருநீற்றை ஒரு தாளிலும் குங்குமத்தை ஒரு தாளிலும் பொட்டலமாக மடித்தேன். எங்கள் பக்கத்தில் திருமணமோ, கிணறு வெட்டுவதோ, முடிவெடுக்கத் தயங்கினால் சன்னிதியில் பொட்டலம் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லித் திருவுளம் கேட்பார்கள். திருநீறு வந்தால் கரு இருக்கட்டும், குங்குமம் வந்தால் கலைத்துவிடலாம் என்று மனத்தில் நேர்ந்துகொண்டு, கோவிலுக்குப் புறப்பட்டேன்.

கோமதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "எங்கிட்டுக் கெளம்புறீங்க, அத்தை?"

சொன்னேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. "அவுக ஊரைக் கேட்டாக. நீங்க சாமியக் கேக்கப் போறீங்க. வயிறு என்னோடதுதானே அத்தை? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

பொட்டலங்கள் என் கையிலேயே இருந்தன. பிரபு வாசற்படியில் நின்றான்.

மகன் செய்தது பெரிய அவமதிப்பு. பக்தி என்ற பெயரில் நான் செய்யவிருந்தது அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. முடிவெடுக்கும் பாரத்தை யார் தலையிலாவது இறக்கிவைக்கத்தான் இருவரும் தவித்தோம். வாக்களித்தவர்களுக்கு ஒரு விரல் அசைவு, எனக்கு ஒரு காகித மடிப்பு. வலி முழுவதும் அவளுக்கு. அவள் வயிற்றை வைத்து ஒரு பக்கம் வெல்வதும் மறுபக்கம் தோற்பதும் எந்த அறத்தில் சேரும்?

"நீ சொல்லும்மா" என்றேன், மிகத் தாமதமாக.

"கலைச்சிரலாம் அத்தை. அது வலியோட வந்து வலியோட போக வேணாம். வர்ற பாவம் எனக்கே வரட்டும். மொதல்ல அந்த ஓட்டெடுப்ப நிறுத்தச் சொல்லுங்க."

பிரபு வாக்கெடுப்பை நீக்கினான். முடிவு தெரியாமல் போனதற்காகச் சிலர் அவனைத் திட்டினார்கள்.

புதுக்கோட்டை மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து வலியை வரவழைத்தார்கள். ஐந்தாம் மாதத்தில் இது பிரசவம் போலவேதான் நடக்கும். இதை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. பக்கத்துப் படுக்கைக்குத் துணையிருந்த பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்தச் சேனல் மாமியார்தானே? நான் வச்சுக்கச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டேன்."

கோமதி பல்லைக் கடித்தபடி திரும்பினாள். "அப்ப இந்தப் பக்கம் வந்து படுங்கக்கா, மிச்ச வலியையும் நீங்களே பட்டுருங்க."

அப்பெண் முகம் சிவந்து எழுந்துபோனாள். பின்னர் ஒரு குவளை வெந்நீரோடு திரும்பி வந்து கோமதியின் கால்களை நீவிவிட்டாள்.

வீடு திரும்பிய பிறகு கோமதிக்குப் பால் சுரந்தது. இதைப் பற்றி யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. குழந்தை இல்லை என்ற செய்தி உடலுக்குப் போய்ச் சேரவில்லை. மருத்துவர் மாத்திரை தந்தார். காய்ச்சலோ சிவப்போ கண்டால் உடனே வரச் சொன்னார். பால் வற்ற மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்க வழக்கம். பிரபு தினமும் தானே பறித்துவந்து வாசலோடு கொடுத்துவிட்டுப் போவான். என்றோ வற்றிப்போன என் மார்பும் அந்நாட்களில் காரணமின்றிக் கனத்தது. இந்த உடலை நான் அறிந்தவள் என்று இனிச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஒருநாள் மாலை பூவோடு அவள் அருகே அமர்ந்தேன். "இன்னைக்குக் கட்டவா கோமதி, வேணாமா?"

விளக்கேற்றும் வேளை வந்தது. நான் பதிகம் தொடங்கும் வேளையும் வந்து, கடந்தது. நான் எழவில்லை.

"இன்னைக்கு வேணாம் அத்தை" என்றாள். "கொஞ்சம் கனக்கட்டும்."