வீடு திரும்பும் பொத்தான்

ஆனந்தவள்ளிக்கு ட்ரோன் ஓட்டும் லைசென்ஸ் வந்ததும் ஜீயபுரத்தில் மரியாதை கூடியது. அதுவரை 'டெய்லரக்கா' என்றவர்கள் 'பைலட்டம்மா' என்றார்கள். மாமரத்தில் சிக்கிய ஷட்டில் பந்தை எடுத்துத் தரவும் கூப்பிட்டார்கள். மூன்று வருடமாக அவள் நெல்லுக்கும் வாழைக்கும் மருந்து அடித்து, கூடவே கேமரா ட்ரோனும் ஓட்டிவந்தாள்.

அந்த ஆடியில் கொள்ளிடத்தில் வெள்ளம். முக்கொம்புக்குக் கீழே கரை எங்கெல்லாம் அரித்திருக்கிறது என்று பார்க்க ஓர் அலுவலகம் முடிவு செய்தது. கரையில் நின்றே ட்ரோனைப் பறக்கவிட்டிருக்கலாம். கரையில் நின்றால் ஆய்வு மாதிரித் தெரியாது என்பது அதிகாரி லக்ஷ்மிகாந்தின் கருத்து. ஆகவே மோட்டார் படகு; ட்ரோன் ஓட்ட ஆனந்தவள்ளி.

நடு ஆற்றில் ட்ரோன் கிளம்ப மறுத்தது. நிற்கும் இடம் ஆடுகிறது என்று திரையில் புகார் சொன்னது.

"படகை ஆடாம நிறுத்துங்க" என்றார் அதிகாரி.

"நான் நிறுத்திடுறேன் சார். தண்ணிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார் படகோட்டி பிச்சை.

ஆனந்தவள்ளி காலை அகட்டி நின்று, ட்ரோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மூன்றாவது முயற்சியில் அது எழும்பியது. படகு நீரோட்டத்தோடு அரைக் கிலோமீட்டர் இறங்குவதற்குள் வேண்டிய படமெல்லாம் எடுத்துவிட்டாள். பேட்டரி முப்பது சதவீதம் காட்டியதும் ட்ரோனைத் திருப்பினாள்.

கன்ட்ரோலரில் வீட்டுப் படம் போட்ட பொத்தானை அதிகாரி பார்த்துவிட்டார்.

"இதை அமுக்கினா தானா வந்துடுமே."

"அது கிளம்பின இடத்துக்குத்தான் போகும் சார். நாம இப்ப அங்க இல்ல."

ட்ரோன் பயிற்சி முகாமைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைத்தவர் அவர். அவருக்குத் தெரியாததா? அமுக்கினார்.

ட்ரோன் பணிவாகத் திரும்பி, மேற்குக் காற்றை எதிர்த்து, சுழித்து ஓடும் தண்ணீரில் இறங்கப் புறப்பட்டது. ஆனந்தவள்ளி அவர் கையை விலக்கி உத்தரவை ரத்து செய்தாள். பதினேழு சதவீதம். ட்ரோனைக் காற்றோடு படகுக்குக் கொண்டுவந்தாள். பிச்சை முகப்பை மேற்கே திருப்பி, நீரோட்டம் இழுக்கும் அளவுக்கே மோட்டாரை முடுக்கினார். படகு அதே இடத்தில் நின்று குதித்தது.

கேமரா ஓடுவதைக் கண்ட அதிகாரி எழுந்து, ஒரு கையை நீட்டிக் கரையைச் சுட்டிக்காட்டினார்.

"சார், உக்காருங்க."

"ஷாட் வருதாம்மா?"

"வருது சார். நீங்க விழுந்தா அதுவும் வரும்."

உட்கார்ந்தார். படகு அலைமேல் ஏறிய கணத்தில் ஆனந்தவள்ளி எட்டி ட்ரோனின் வயிற்றைப் பிடித்து, அது அணைவதற்காகத் தலைகீழாகத் திருப்பினாள். விசிறிகள் நிற்பதற்குள் கட்டைவிரல் கிழிந்தது. அப்போது அவளுக்குக் கோபம் மட்டுமே இருந்தது. பயம் கரையேறிய பிறகு வந்தது. படகுத்துறைப் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

'அதிகாரியின் நேரடி வழிகாட்டுதலில் ட்ரோன் பத்திரமாக மீட்கப்பட்டது' என்றது அறிக்கை. அதோடு அவர் கை நீட்டும் பதினோரு நொடிப் படம். கரையை அரித்து ஆறு வாழைத்தோப்பை நெருங்குவதைக் காட்டிய நான்கு நிமிடப் படத்துக்கு அறிக்கையில் இடமில்லை.

அதை ஆனந்தவள்ளி விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் நாற்பது பேர் மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். மூட்டைகளை ஆய்வு செய்ய இரண்டு நாள் கழித்து லக்ஷ்மிகாந்த் வந்தார். விரலில் கட்டோடு ஆனந்தவள்ளி அன்று பக்கத்து ஊர் வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். அவரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. அவள் எடுக்கவில்லை.