எந்த ஊர் மூன்று மணி?

புதன்கிழமை மாலை. 2003-ஆம் வருடம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் ஏறும்போது என் இடுப்பில் ஒன்றேகால் வயது மகள் குழலி, கையில் பெட்டி, தலைக்குள் ஊரே சொல்லி அனுப்பிய யோசனைகள். மாலத்தீவுக்குப் போகிறேன். அங்கே ஒரு தீவுப் பள்ளியில் என் கணவர் கணக்கு வாத்தியார். அவர் வேலைக்குப் போனபோது நான் நிறைமாதம். முதல் வருட விடுமுறையில் அவருக்கு அம்மை போட்டு அங்கேயே படுத்துவிட்டார். ஆக, பெற்ற மகளை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. மகளுக்கோ, அப்பா என்றால் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பேசும் கறுப்பு ரிசீவர்தான். "அப்பா எங்கடி?" என்று கேட்டால் பூத் பக்கம் கையைக் காட்டுவாள். நேரில் பார்த்தால் அவரிடம் போவாளா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் பெரம்பலூரில் ஆபீஸ் வைத்திருக்கும் கமால் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், பல வருடம் துபாயில் இருந்தவர்.

"சாமி படம், செல ஒண்ணும் எடுத்துட்டுப் போயிடாதீங்கம்மா, ஏர்போர்ட்டுலயே வாங்கி வெச்சுக்குவான். விசா அங்கயே போட்டுக் குடுப்பான். திரும்பி வர்ற டிக்கெட்ட மட்டும் கையில வெச்சிருங்க. வெளிய வந்ததும் டாக்ஸி நிக்கும், ரேட்டு பேசாம ஏறிடாதீங்க."

"நீங்க மாலத்தீவு போயிருக்கீங்களா பாய்?"

"துபாய் பாத்தவனுக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. இன்ஷா அல்லாஹ், நல்லபடியா போயிட்டு வாங்க."

படம், விசா, டிக்கெட், இந்த மூன்றும் பாய் சொன்னபடியே இருந்தன. போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். டாக்ஸி கதையைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது என் மாமனார். பஞ்சாங்கம் பார்க்காமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டார். வியாழக்கிழமை தெற்கே சூலம் என்பதால் புதனே கிளம்பச் சொன்னவர் அவர்தான். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"நாளைக்கு ஒண்ணரையிலேருந்து மூணு ராகு காலம். தகப்பன் மொத மொதல்ல புள்ளய வாங்கறது அந்த நேரத்துல வேணாம். மூணு ஆவட்டும், அப்புறம் குடு."

"பிளேன் ரெண்டு மணிக்கெல்லாம் எறங்கிடும் மாமா."

"எறங்கட்டும். நீ உள்ளயே இரு."

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் தெரியாது. பயம் உண்டு.

வியாழக்கிழமை. திருச்சியிலிருந்து ராத்திரி ரயில் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டது. மத்தியானம் விமானம். ஒன்றேகால் மணி நேரப் பயணம்; அரியலூரிலிருந்து கும்பகோணம் போகிற நேரம்கூட ஆகாது. பக்கத்து இருக்கையில் ஒரு நாகர்கோவில் நர்ஸ் அக்கா, மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் வேலை பார்ப்பவர்.

"வாட்ச்ச அரமணிக்கூர் பொறத்த வைங்க. அங்க நம்மள விட அரமணிக்கூர் கொறவு."

அதுவரை எனக்கு இது தெரியாது. பாயும் சொல்லவில்லை, பஞ்சாங்கமும் சொல்லவில்லை. அப்படியானால் ராகு காலம் எந்த ஊர்க் கணக்கு? குழந்தை பிறந்தது அரியலூரில். வாங்கப்போகிற தகப்பன் இருப்பது மாலத்தீவில். நர்ஸ் அக்காவையே கேட்டேன்.

"எனக்கு ராகுவத் தெரியாது. நான் சர்ச்சுக்குப் போறவ," என்று சிரித்தார்.

கடிகாரத்தை மாற்றவில்லை. அரியலூர் மூன்று மணியே போதும் என்று முடிவு செய்தேன்.

இறங்கி, விசா முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்தபோது என் கடிகாரத்தில் இரண்டே முக்கால்கூட ஆகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். சட்டை புதுசு. எட்டி எட்டிப் பார்க்கிறார். எனக்கு ஓடிப்போக வேண்டும்போல இருந்தது. குழலியைத் தூக்கிக்கொண்டு ஒரு தூண் மறைவுக்குத்தான் ஓடினேன். புருஷனைப் பார்க்கக் கடல் தாண்டி வந்துவிட்டு, வாசலில் ஒளிந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாத்ரூமில் அவளுக்கு முகம் கழுவி, கவுன் மாற்றி, பொட்டு வைத்து, சரியாக மூன்று மணிக்கு வெளியே வந்தேன்.

அவரைக் காணோம். ஒருவருமே இல்லை. டாக்ஸியும் இல்லை, டாக்ஸி நிற்கச் சாலையும் இல்லை. நாலு எட்டு வைத்தால் கடல். விமான நிலையமே ஒரு தனித் தீவு. இங்கிருந்து மாலே போகப் படகுதான், அதற்குத் தோணி என்றே பெயர். ஆளுக்குப் பத்து ரூஃபியா, நம் காசில் முப்பத்தைந்து ரூபாய் சொச்சம். ஒரு டாலர் நோட்டு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள். சில்லறை டாலர் கொண்டுபோங்கள்.

நல்லவேளை, நர்ஸ் அக்கா படகுத்துறையில் இருந்தார்.

"எங்க போனீங்க? ஒரு சார் வர்றவங்க போறவங்க எல்லார்ட்டயும் கேட்டுட்டு நின்னாராம். நான் பெட்டி எடுத்துட்டு வெளிய வர்றதுக்குள்ள, நீங்க வரலைன்னு நெனச்சு முந்தின தோணியில போயிட்டாராம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த தோணியில் ஏறினோம். தண்ணீர் பச்சையும் நீலமுமாக அவ்வளவு அழகு என்பார்கள். நான் பார்க்கவில்லை.

மாலே படகுத்துறையில் கால் வைத்ததும் அவர் குரல்தான் முதலில் கேட்டது. பொதுத் தொலைபேசியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தெருமுனை பூத்தில் மாமனார் தகவலுக்காகக் காத்திருப்பார் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாரும் வந்துட்டாங்கப்பா. இவங்க ரெண்டு பேரத்தான் காணோம்..." குரல் உடைந்திருந்தது.

இடுப்பில் இருந்த குழலி நிமிர்ந்தாள். "ப்பா!" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் திரும்பினார். ரிசீவரை அப்படியே தொங்கவிட்டு ஓடிவந்தார். அவள் கை நீட்டியது அவருக்கு இல்லை, தொங்கிக்கொண்டிருந்த ரிசீவருக்கு. அவர் தூக்கப் போனதும் வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"போன எடுங்க. போன்ல பேசுங்க," என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு ரிசீவரை எடுத்து வாயருகே வைத்து, வெள்ளிக்கிழமைகளில் கேட்பதைக் கேட்டார். "குழலிம்மா, அப்பா பேசறேன். சாப்டியா?"

அழுகை நின்றது. ரிசீவரைப் பார்த்தாள். அவர் வாயைப் பார்த்தாள். அவர் பேசிக்கொண்டே ரிசீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். குரல் நிற்கவில்லை. குழலி ஒரு விரலை நீட்டி அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தானாகவே அவர் பக்கம் சாய்ந்தாள்.

ரிசீவருக்குள் மாமனார் கத்திக்கொண்டிருந்தார். நான் வாங்கினேன்.

"புள்ளய வாங்கிட்டானா? மணி என்னம்மா ஆவுது?"

என் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

"மூணு தாண்டிடுச்சு மாமா."

"அப்பாடா," என்றார்.

போனை வைத்துவிட்டு, நர்ஸ் அக்கா சொன்னபடி கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பினேன். மாலேயில் ராகு காலம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. குழலி அவர் தோளில் ஏறி உட்கார்ந்து, அவர் வாய்க்குள் விரலை விட்டுக் குரலைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் மணி சொல்லவில்லை.