கீழ்வேளூரில் கலியமூர்த்திக்கு வைத்த படையல்

தை அமாவாசைக்கு மன்னார்குடியிலிருந்து கீழ்வேளூர் போய் வந்தேன். என்னோடு ராணுவத்தில் இருந்து, பத்தொன்பது வயதில் எல்லைச் சண்டையில் செத்துப்போன கலியமூர்த்தியின் வீட்டுக்கு. அவன் தங்கை செல்லம் டீச்சர் போன் செய்திருந்தார். "பட்டாளத்துப் பையன்களைப் பத்தி ஒரு நாவல் படிச்சேண்ணே. குடி, கெட்ட வார்த்தை, பொம்பளை சகவாசம், எல்லாம் இருக்கு. படையலுக்கு வாங்க, உங்களைக் கேக்கணும்."

எனக்கு எழுத்து தெரியாது. சமையல்காரனாகச் சேர்ந்தவன். இந்தப் பதிவைக்கூடப் போனில் பேசித்தான் ஏற்றுகிறேன்.

காலை ஏழு மணிக்குத் திருவாரூர் பஸ். முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அறுப்பு நாளில் ரோட்டில் பாதி நெல் காயும். அறுவடை மெஷின் முன்னால் போனால் பின்னாலேயே ஊர வேண்டியதுதான். பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, பையை வைத்துக்கொண்டேன். என் கையால் சாப்பிட்ட தமிழ்ப் பையன்களில் இன்று போன் போட்டுப் பேச ஒருவனும் மிச்சமில்லை. திருவாரூரில் நாகப்பட்டினம் பஸ் மாறினால் கீழ்வேளூர் அரை மணி. அங்கிருந்து அவன் வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"படையலா பெரியவரே? அப்ப சாப்பாடு பலம்தான்" என்றார் ஆட்டோக்காரர்.

"செத்தவன் சாப்பிட்ட மிச்சம்தாம்ப்பா நமக்கு."

இலையில் அதிரசம், சுழியம், மொச்சைக் குழம்பு. பதினேழு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவனுக்குப் பிடித்தவையாம். வருஷா வருஷம் இதேதானாம். டீச்சர் நாவலை எடுத்து வாசித்தார். சில இடங்களில் பக்கத்தைத் தள்ளினார்.

"விட்டதையும் படிம்மா."

"உங்க முன்னாடி எப்படிண்ணே?"

"அதைவிடக் கெட்ட வார்த்தையெல்லாம் கேட்டுக்கிட்டுதான் குழம்பு கிண்டுனேன்."

குரலைத் தாழ்த்திப் படித்தார். பிறகு, "எங்கண்ணனும் இப்படியா?" என்றார். சுவரில் படம். மீசை முளைக்காத முகம்.

"ரம் குடிப்பான். பீடி பிடிப்பான். சம்பளம் வாங்கினா ஒருத்தி வீட்டுக்குப் போவான். சண்டைக்குக் கிளம்புற அன்னைக்கு, பயத்துல நனைஞ்ச கால்சட்டையோட அடுப்புகிட்ட வந்து நின்னான். காய வச்சுக் குடுத்தேன். போட்டுக்கிட்டுப் போனான்."

"அப்ப இத்தனை வருஷமா யாருக்குண்ணே படைச்சேன்?"

"பதினேழு வயசுப் பையனுக்கு. பத்தொன்பது வயசுக்காரன் இன்னும் பட்டினிதான்."

டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார். "டீச்சர் பீடி வாங்குறாங்கன்னு ஊரே சிரிக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்கடைக்குப் போய்க் கட்டோடு வாங்கி வந்தார். அதிரசத்துக்குப் பக்கத்தில் ஒன்றைக் கொளுத்தி வைத்தார். செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் தட்டித் திறப்பார்கள். நான் தட்டக் கை தூக்கினேன்.

"இருங்கண்ணே. இழுத்து முடிக்கட்டும்."

ரம் மட்டும் பாக்கி. கடைக்குப் போக டீச்சருக்குக் கூச்சம். அடுத்த வருஷம் நான் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு முடியாமல் போனால், அந்தப் பக்கம் போகிற யாராவது ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். தை அமாவாசை, மத்தியானத்துக்குள்.